கிளைட்டின் செத்தவீடு

ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் புருசெத் தொடர்மாடிகளின் நடு முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. சில நாட்களில் காலை வேலைக்கு இறங்கி வரும்போது நோர்வேக் கொடி கம்பத்தின் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். குடியிருப்பில் யாரோ காலமாகிவிட்டார்கள், இன்றைக்கு அடக்கம் என்று அர்த்தம். யார், எந்த மாடி, என்ன வருத்தம், ஒன்றும் தெரியாது. அழுகைச் சத்தம் இல்லை, வாசலில் செருப்புக் குவியல் இல்லை, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை. அடக்கம் முடிகிற நேரம் பார்த்துப் பராமரிப்பாளர் வந்து கொடியை உச்சிவரை ஏற்றிவிட்டுப் போவார். அவரை இங்கே வக்த்மெஸ்தர் என்பார்கள். குழாய் ஒழுகினாலும் அவர்தான், பனி வழிக்கவும் அவர்தான், சாவுக்குக் கொடி இறக்கவும் அவர்தான். வந்த புதிதில் ஒருநாள் அவரிடம், "ஆர் செத்தது?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ அவருக்குச் சொந்தமோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் கேக்கிறாய்?" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் லைற் கம்பத்துக்குக் கம்பம் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டி, சொந்தமில்லாதவன்தான் முதலில் ஓடிவந்து பந்தலுக்குக் கயிறு பிடிப்பான். இந்த மனிதருக்கு அதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது என்று நினைத்துக்கொண்டு நான் ரயிலுக்கு நடந்தேன்.

செத்தவீடுகளைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டி வந்தது கிளைட்டால்தான். பனி இன்னும் முழுதாகக் கரையாத ஒரு பின்னேரம் தேர்யே தொலைபேசி எடுத்தான். தேர்யே நோர்வேக்காரன், என் நெடுநாள் சிநேகிதன், என்னைக் குன்னார் என்பான். மணி அடித்தவுடன் வீட்டில் மூன்று பேரும் எழும்பி நின்றோம். நான், மனைவி வசந்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அபி. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் அப்படித்தான். என் தம்பி ரவி வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார். சண்டை துரத்தத் துரத்த சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான் என்பதுதான் கடைசியாக வந்த தகவல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருக்கிறானா இல்லையா என்பது மட்டும்தான் எங்கள் வீட்டில் கேள்வி. சாப்பிடும்போதும் அதுதான், பல்லுத் தீட்டும்போதும் அதுதான். "குன்னார், கிளைட் போயிட்டான்" என்றான் தேர்யே. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தம்பியில்லை. வசந்தி, "ஆராம், ஆராம்?" என்று என் முகத்தையே பார்த்தாள். "கிளைட்" என்றேன். "அதார்?" "ஒரு கிற்றார்காரன். அமெரிக்காவிலை." அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "கோதாரியிலை போவான், என்ரை உயிர் போட்டு வந்தது" என்றாள். திட்டியது தேர்யேயையா, செத்துப்போன மனிதனையா என்று நான் கேட்கவில்லை.

கிளைட் என்பவர் அமெரிக்காவின் தெற்கில் எங்கோ பஞ்சுத் தோட்டப் பக்கம் பிறந்தவர். மூன்று கிற்றார்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு குழுவில் நடுவில் நிற்பவர். பாடமாட்டார், கதைக்கமாட்டார். சின்ன விரலில் ஒரு கண்ணாடிப் போத்தலை மாட்டிக் கம்பிகள்மேல் இழுப்பார். அந்த இழுவையில் ஒரு ஒப்பாரி இருக்கும். அதை நான் முதலில் கேட்டது பாட்ஸ்பியோர்ட்டில். நோர்வேயின் உச்சந்தலையில் இருக்கும் மீன்பிடிக் கிராமம் அது. எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்த எங்களில் பலரை அங்கேயுள்ள மீன் தொழிற்சாலைகள்தான் உள்ளே எடுத்தன. பெல்ற்றில் வரும் மீனைச் சதை வேறு முள் வேறாக வெட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் தேர்யே. குணரத்தினம் என்ற என் பெயரை முதல்நாளே குன்னார் ஆக்கிவிட்டான். வெளியே சூரியன் எட்டிப்பார்க்காத மாதங்களில் அவன் அறையில் ஒரு ரேப் ரெக்கோடர் ஓயாமல் ஓடும். "இது தெற்கத்தி ரொக்" என்றான். எனக்குத் தெற்கு என்ற சொல்லே ஆகாது. யாழ்ப்பாணத்தானுக்குத் தெற்கிலிருந்து வந்ததெல்லாம் பூட்ஸ் போட்டுத்தான் வந்தது. ஆனால் அந்தப் போத்தல் இழுவையைக் கேட்டதும் நான் மீன் மணக்கும் கையோடு அவனுடைய கட்டிலில் இருந்துவிட்டேன். ஊரில் இசைக்குழு ஒன்றில் கலியாண வீடுகளுக்குக் கிற்றார் அடித்தவன் நான். அதே இழுவையை நானும் வாசித்துப் பார்க்கப் போத்தலுக்கு எங்கே போவது என்று தேர்யே யோசிக்க, தலையிடிக்கு அம்மா தந்துவிட்ட தைலம் முடிந்து, வெறும் போத்தல் என்னுடைய பெட்டியில் கிடந்தது. விரலுக்கு அளவாயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த அறையில் கிளைட்டும் எங்கள் ஊர்த் தைல மணமும்தான். வடக்கு இலங்கையான் ஒருவன், வடக்கு நோர்வேயான் ஒருவன், இரண்டு பேரும் அமெரிக்கத் தெற்கத்தியான் ஒருவனுக்காக உயிரை விட்டோம். விசர் என்றால் அதுதான்.

பிறகு தொழிற்சாலையில் வேலை குறைய, ஆளுக்கொரு திசையாகக் கிளம்பி, கடைசியில் இரண்டு பேரும் ஒஸ்லோவில் வந்து நின்றோம். இந்த நாட்டில் என் வீட்டுக்குள் வந்து கையால் சோறு சாப்பிட்ட ஒரே நோர்வேக்காரன் அவன். இப்போது தொலைபேசியில் சொன்னான், வருகிற சனிக்கிழமை மத்தியானம் நகரத்தில் ஒரு மதுச்சாலையில் கிளைட்டின் ரசிகர்கள் கூடுகிறார்கள், நினைவு கூரப்போகிறார்கள், நீ வந்து அந்தப் போத்தல் பாட்டை வாசிக்க வேணும் என்று. "எனக்கு விரல் வளையாது, உன்னை விட்டா ஆள் இல்லை" என்றான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் வசந்தியின் முகத்தைப் பார்த்தேன்.

அந்தக் காலத்து புருசெத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்தநாள் விழா, சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் எடுத்த மண்டபங்களை எங்கள் சனம் திருப்பிக் கொடுத்த காலம் அது. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கேக் வெட்டியதற்காக, 'அங்கை சனம் சாகுது, உங்களுக்கு இஞ்சை கேக் கேக்குதோ' என்று ஊர் முழுக்கத் தொலைபேசியில் ஏசித் தீர்த்தது. அபி வகுப்புக்குப் போகாமல், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் பதாகையோடு நிற்பாள். இந்த நேரத்தில் நான் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மதுச்சாலைக்கு. "ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே?" என்றாள் வசந்தி. "இது விழா இல்லையப்பா, செத்தவீடு மாதிரி. அஞ்சலி" என்றேன். அதை நான் மனதார நம்பினேன். அஞ்சலி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளைச் சேட்டு, மாலை போட்ட படம், ஒரு விளக்கு, கொஞ்ச நேரம் மௌனம். ஆகவே கிளைட்டின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தமிழ்க் கடையில் சொல்லி ஒரு மாலையும் எடுத்து வந்தேன். மேசையில் படத்தை நிமிர்த்தி மாலையைக் கையில் எடுத்ததுதான் தாமதம், வசந்தி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, இந்த வீட்டுக்குள்ளை படத்துக்கு மாலை போடாதேங்கோ" என்றாள். குரல் உயரவில்லை. "ரவியின்ரை சேதி வரும் வரைக்கும் இந்த வீட்டிலை மாலை எடுக்கப்படாது. எடுத்தீங்கள் எண்டால் நான் இருக்கமாட்டன்." நான் படத்தையும் மாலையையும் வெவ்வேறு பைகளில் போட்டேன்.

போகிற அன்று அபி சப்பாத்துப் போடும் இடத்தில் வழிமறித்தாள். "அப்பா, உந்தப் பாட்டுக்காரரின்ரை ஆக்கள் ஒரு கொடி வைச்சிருப்பினம், தெரியுமோ? சிவப்பிலை நீலக் குறுக்கு, வெள்ளை நட்சத்திரம். அடிமை வைச்சிருந்தவையின்ரை கொடி அது." தெரியும் என்றேன். தேர்யேயின் பழைய அமெரிக்கக் காரின் பின்கண்ணாடியில் நெடுநாள் அது ஒட்டியிருந்தது. இந்த நாட்டுக் கிராமத்து இளைஞர்கள் பலர் அதைப் பெரிய காரோடு வரும் அலங்காரம் என்று நினைத்திருந்தார்கள். "அவங்களுக்கு அது வெறும் பாட்டு, பிள்ளை." "நாங்கள் கொடி பிடிக்கேக்கை மட்டும் எங்களிட்டை விளக்கம் கேக்கினம். 'உங்கடை கொடி ஆரின்ரை கொடி' எண்டு நேற்றும் ஒரு கிழவி கேட்டது. அவையும் விளக்கம் சொல்லட்டுமே?" பதிலில்லாத கேள்விகளைத்தான் நான் பெற்ற பிள்ளை எப்போதும் கேட்கும். நான் கைத்தொலைபேசியைச் சேட்டுப் பைக்குள் வைத்து, சத்தத்தை நிறுத்தி நடுங்க மட்டும் விட்டு, நெஞ்சோடு அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினேன். அந்தத் தொலைபேசியை அணைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மதுச்சாலைக்கு வெளியே, தெருவோரத்தில் நின்றுதான் கிளைட்டுக்கு மாலை போட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே சிரிப்பு. தோல் உடுப்புப் போட்ட ஆண்கள், நரைத்த தாடிகள், நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு பியர். ஒருவர் மேசையில் ஏறி நின்று, கிளைட் ஒரு கச்சேரியில் மேடையிலிருந்து விழுந்தும் கிற்றாரை நிறுத்தாமல் வாசித்த கதையைச் சொல்ல, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்துக் கைதட்டினார்கள். வெள்ளைச் சேட்டும் மாலைப் படமுமாக வாசலில் நின்ற கறுத்த மனிதனைக் கண்டதும் அந்தச் சிரிப்பு வரிசையாக அடங்கியது. கலியாண வீட்டுக்குள் தவறிப் பிணம் கொண்டு வந்தவன் போல நின்றேன். ஒரு பெண் எழும்பி வந்து மாலையைத் தொட்டுப் பார்த்து, "ஹவாயிலையிருந்து வந்தனியோ?" என்று அன்பாகத்தான் கேட்டாள். இல்லை, புருசெத்திலிருந்து என்றேன். தேர்யே ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவனுடைய தோளுக்கு மேலால் மேடைச் சுவரைப் பார்த்தேன். அபி சொன்ன அதே கொடி, அகல விரித்து ஆணியடித்திருந்தது. அதற்குக் கீழேதான் எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தேர்யே என் கையிலிருந்து படத்தை வாங்கி மேடையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஏறி இருந்தேன். தைலப் போத்தலை விரலில் மாட்டினேன். எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பின்னால் மேளக்காரர். பாட்டு மெதுவாகத் தொடங்கி, மற்ற இரண்டு கிற்றார்களும் விலகி, போத்தல் தனியாக அழ வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் என் நெஞ்சுக்கு மேலே தொலைபேசி நடுங்கியது. கையை எடுத்தால் பாட்டு அறுந்துவிடும், எடுக்காவிட்டால் அங்கேயிருந்து வந்த அழைப்பு அறுந்துவிடும். கடற்கரையில் யாரோ ஒருவரின் தொலைபேசிக்காக வரிசையில் நின்று, ஒரு நிமிடம் கிடைத்து, என் தம்பி அண்ணாவின் எண்ணை அழுத்திக் காத்துக்கொண்டு நிற்கிறான் என்று மனம் படம் பிடித்துக் காட்டியது. தொலைபேசி நின்றது. திரும்ப நடுங்கியது. நான் போத்தலை எடுக்கவில்லை. எப்படி இழுத்தேன், எங்கே முடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. முடிந்தபோது அந்தச் சிரித்த சனம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. மேசையில் ஏறிக் கதை சொன்ன கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்போதுதான் அது எனக்குச் செத்தவீடாகத் தெரிந்தது. நான் இறங்கி மூலைக்குப் போய்த் தொலைபேசியைப் பார்த்தேன். வசந்தியின் எண். உயிரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "ஒண்டுமில்லையப்பா" என்றாள். "வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

பிறகு மேடையோரம் போய், கொடியைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துக் கைகூப்பினேன். யாரோ எனக்கு ஒரு பியரை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கிற்றாரை உறையில் போட்டு, யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல், எவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, பால் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். இதில் என்ன பிழை என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். ஒரு பிழையும் இல்லை. செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று விடை சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்தோம், இருந்தோம், எழும்பிப் போவோம். அதுதான் மரியாதை. ஆனால் நோர்வேக்காரன் பேருந்துச் சாரதிக்கும் 'ஹா தே' என்று விடை சொல்லிவிட்டு இறங்குகிறவன். வரும்போது வணக்கம் சொல்லாவிட்டாலும் மன்னிப்பான், போகும்போது சொல்லாமல் போனால் முகத்தில் அறைந்த மாதிரி.

தேர்யே அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தால் பதில் இல்லை. ஏற்கெனவே ஒரு மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டில் இது இரண்டாவது மௌனம். கடைசியில் அவன் வேலை செய்யும் பொருட்கிடங்கு வாசலில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் நேரே, "கொடியைப் பார்த்துத்தானே எழும்பிப் போனாய்?" என்றான். "சொல்லியிருந்தால் நான் கழட்டியிருப்பன். எல்லாரும் உன்னைத் தேடினவை. அந்தக் கிழவர் உனக்குக் கை குடுக்க வேணும் எண்டு தெருவரைக்கும் ஓடி வந்தவர். என்னை நீ அவங்களோடை சேர்த்துப்போட்டாய்." நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "ஆக்கள் துக்கத்திலை இருக்கேக்கை ஒரு சொல்லும் சொல்லாமல் போறதோ மரியாதை?" என்றான். "போட்டு வாறன் எண்டால் திரும்பி வருவன் எண்டு அர்த்தம், தேர்யே. சாவு விழுந்த வீட்டுக்குத் திரும்பவும் வரவேணும் எண்டு ஆர் சொல்லுவினம்?" அவன் கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான். "அப்ப கொடி?" என்றான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொடியும் பார்த்தனான்தான்" என்றேன். அவன் திரும்பி உள்ளே போனான். போகும்போது ஹா தே சொல்லவில்லை. அது கோபமா, நான் சொன்னதை ஏற்றுக்கொண்டதா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

தம்பியின் சேதி வெய்யில் காலம் தொடங்கிய பிறகு வந்தது. முகாம் ஒன்றுக்குள் வந்து சேர்ந்த அவனுடைய மனைவி, யாரோ ஒருவரின் தொலைபேசியில் கதைத்தாள். அவள் அழவில்லை, அழுது முடிந்திருந்தது. செல் குண்டு விழுந்து, பதுங்கின பங்கருக்குள்ளேயே அவனை வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தார்களாம். எப்போது என்று கேட்டேன். அவள் சொன்ன கணக்கைப் பார்த்தால், நான் போத்தலை விரலில் மாட்டிக்கொண்டு மேடையில் இருந்த சனிக்கிழமைக்கு முந்திய வாரம். நெஞ்சில் தொலைபேசி நடுங்கியபோது அழைப்பதற்குத் தம்பி இருக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கும் சேர்த்துத்தான் வாசித்தேன் என்று அபி சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னது. எனக்கு ஆறவில்லை. வசந்தி தானே போய் மாலை வாங்கிக்கொண்டு வந்து, ரவியின் படத்துக்குத் தன் கையாலேயே போட்டாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

எங்கள் சனம் வந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. தேத்தண்ணீர் ஓடியது. எல்லா வீட்டிலும் சாவு இருந்ததால் வந்தவர்கள் நெடுநேரம் இருக்கவில்லை, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படியொரு காலையில் கதவைத் திறந்தால் தேர்யே. தோல் சட்டை இல்லை. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. அபி அவனுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து படத்துக்கு முன்னால், பெரிய மீன்வெட்டுக் கைகள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டான். விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன. பிறகு எங்கள் ஆண்களோடு சுவர்ப் பக்கம் இருந்தான். வசந்தி கொடுத்த பால் விடாத தேத்தண்ணீரைக் குடித்தான். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான். எழும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வசந்தியிடம் தலையசைக்கவும் இல்லை. ஒரு சொல் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவன் போன பிறகு நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு பல்கனிக்கு வந்தேன். கீழே முற்றத்தில் தேர்யே வக்த்மெஸ்தரோடு கதைத்துக்கொண்டு நின்றான். கையால் எங்கள் மாடியைக் காட்டினான். வக்த்மெஸ்தர் மேலே பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். கொடி முதலில் உச்சிவரை போய், அங்கிருந்து மெதுவாக இறங்கிப் பாதியில் நின்றது. நோர்வேயை ஒருநாளும் கண்ணால் காணாத, குளிரென்றால் மார்கழிப் பனி என்று நினைத்திருந்த ஒரு வன்னி வாத்தியாருக்காக நோர்வேக் கொடி பாதியில் தொங்கியது. கீழே போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, யார் என்று தெரியாமல் தங்கள் பாட்டில் நடந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வக்த்மெஸ்தர் படியேறி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். செத்தது யார் என்று கேட்டதற்கு அன்றைக்கு என்னைத் திருப்பிக் கேட்ட அதே மனிதர். "தம்பியாமே, கேட்டுக் கவலைப்பட்டன்" என்றார். பிறகு சங்கடப்பட்டுக்கொண்டு, "அடக்கம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். "முடிஞ்ச உடனை கொடியை மேலை ஏத்த வேணும். அதுதான் முறை. நேரத்தைச் சொன்னால் வந்து ஏத்திவிடுவன்."

எனக்குப் பின்னால் அபியும் வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு மொழி தெரியும். ஒன்றிலும் அந்தக் கேள்விக்குச் சொல்ல எங்களிடம் ஒரு நேரம் இருக்கவில்லை.